சைக்கிள் பூட்டும் சந்தேகமும்

கம்பனும் கர்நாடக இசையும் இடம்பெறும் நம் சங்க இதழில் சைக்கிள் பூட்டைப் பற்றி எழுத ஒருவன் வந்துவிட்டானே என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் டெல்லியில் நம்மவர் வீடுகளில் இன்றைக்கும் சைக்கிள் இருக்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் டியூஷனுக்குப் போகிறார்கள். என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள், டாக்டர் சொன்னார் என்று காலையில் ஒரு சுற்று மிதிக்கிறோம். நம் வீட்டுக்குச் சமைக்க வருபவர், துணி தேய்ப்பவர், பேப்பர் போடும் பையன், இரவுக் காவலர் ஆகியோருக்கு அதுவே வாகனம், அதுவே பிழைப்பு.

பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டது, அல்லது சாவி தொலைந்துவிட்டது; அதிகச் செலவில்லாமல் மாற்றுப் பூட்டு எது வாங்கலாம் என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 1984 முதல் 2022 வரை 38 ஆண்டுகள் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். பூட்டும் சாவியும்தான் எங்கள் பிரிவின் உயிர்நாடி. பாயிண்டைப் பூட்டாமல் சிக்னல் விழாது. லெவல் கிராசிங் கேட்டைப் பூட்டாமல் வண்டிக்கு வழி கிடைக்காது. அந்தப் பழக்கத்தில் சில விஷயங்களைச் சொல்கிறேன். அதோடு நெடுநாளாக மனதை அரித்துக் கொண்டிருக்கும் ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பூட்டு விற்பது நேரத்தை

உடைக்க முடியாத பூட்டு என்று உலகில் ஒன்றும் கிடையாது. பாட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் கையில் இருந்தால் எந்தப் பூட்டும் சில நிமிடங்கள்தான். ஆகவே “இது உடையுமா, உடையாதா?” என்று கடைக்காரரிடம் கேட்பதில் பொருளில்லை. “உடைக்க எத்தனை நேரம் ஆகும்? என்ன கருவி வேண்டும்? எவ்வளவு சத்தம் வரும்?” என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். சைக்கிள் திருடுபவனிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு கட்டிங் பிளையரும் அரை நிமிட அவகாசமும்தான். அவனுடைய அரை நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கினால் அவன் அடுத்த சைக்கிளைப் பார்க்கப் போய்விடுவான். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த நாலரை நிமிடத்தைத்தான்.

கடையில் கிடைப்பவை

முதலாவது, பின்சக்கரத்தோடு பொருத்தும் வட்டப் பூட்டு. நம் தலைமுறைக்குப் பழக்கமானது. சாவியைத் திருகினால் கம்பி ஆரக்கால்களுக்கு நடுவே புகுந்து சக்கரத்தை நிறுத்தும். சௌகரியமானது, விலையும் குறைவு. நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் அது சைக்கிளை ஓட்டவிடாமல் தடுக்குமே தவிர தூக்கிப் போவதைத் தடுக்காது. சாவியைத் தொலைத்துவிட்டு மூலையில் இருக்கும் சைக்கிள் ரிப்பேர்காரரிடம் போனால், அவர் பேசிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் அதை உடைத்துக் கொடுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு நிமிடம்தான் அந்தப் பூட்டின் உண்மையான பலம். இன்னொன்று, இன்றைய பிள்ளைகளின் சைக்கிள்களில் டயர் இரண்டு அங்குல அகலம் வரை இருக்கிறது. பழைய அளவுப் பூட்டு அதில் மாட்டாது. சைக்கிளைக் கடைக்கே ஓட்டிப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

இரண்டாவது, வண்ண வண்ணமாகத் தொங்கும் வயர் பூட்டு. இன்று அதிகம் விற்பது இதுதான். பார்வைக்குச் சுண்டுவிரல் பருமன் இருக்கும். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. உள்ளே இருப்பவை மெல்லிய கம்பி இழைகள். ஒவ்வொரு இழையாகக் கடித்தாலும் சாதாரண பிளையரே போதும். பால் பூத் வாசலில் இரண்டு நிமிடம் நிறுத்துவதற்கு இது சரி. இரவு முழுவதும் மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிளுக்கு இது பூட்டே அல்ல, வெறும் அலங்காரம்.

இதிலேயே நம்பர் பூட்டு ஒன்று உண்டு. சாவி தொலையாது என்று பலர் விரும்புகிறார்கள். மூன்று சக்கரம் என்றால் மொத்தம் 1000 எண்கள். ஒன்றுக்கு இரண்டு விநாடி வைத்தால் 2000 விநாடி, அதாவது 33 நிமிடத்தில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடலாம். நான்கு சக்கரம் என்றால் ஐந்தரை மணி நேரம். ஆனால் மலிவான நம்பர் பூட்டுகளில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வயரை இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், சரியான எண்ணில் விரலுக்கே ஒரு தளர்வு தெரியும்.

மூன்றாவது, யூ வடிவப் பூட்டு. பதம் ஏற்றிய எஃகில் செய்தது என்றால் பிளையருக்கும் ஹேக்ஸா பிளேடுக்கும் அசையாது. எழுநூறு, எண்ணூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் விலை போகிறது. உட்புற இடைவெளி குறுகலாக இருப்பது ஒருவகையில் நல்லதே. நெம்புகோலை நுழைக்க இடம் இராது. ஆனால் பருமனான தூணைச் சுற்றி மாட்ட முடியாது. சாவித் துவாரம் வட்டமாகவும் சாவி குழாய் போலவும் இருக்கும் மலிவு ரகங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில், பெயர்பெற்ற ஒரு கம்பெனியின் அந்த வகைப் பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் செருகித் திருகியே திறந்து காட்டினார்கள். கம்பெனி பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நான்காவது, சங்கிலியும் தொங்கு பூட்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

சங்கிலி வாங்கும் கணக்கு

சாவடி பஜாரில் இரும்புச் சங்கிலியை எடைக்கும் மீட்டருக்கும் விற்கிறார்கள். 6 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா என்று கேட்கும்போது வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வெட்டுபவன் வெட்டுவது கம்பியின் குறுக்குப் பரப்பை. 6 மில்லிமீட்டர் கம்பிக்கு அது 28 சதுர மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டருக்கு 50. அதாவது பலம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. ஆகவே 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். நீளம் ஒரு மீட்டர் போதும். எடை ஒன்றேகால், ஒன்றரை கிலோ வரும். அதைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. சைக்கிள் இரவில் நிற்கும் இடத்திலேயே தூணோடு விட்டுவிடலாம். வெளியே போகும்போது மட்டும் கைக்கு அடக்கமான யூ பூட்டோ, சிறிய சங்கிலியோ போதும்.

பதம் ஏற்றிய சங்கிலி கிடைத்தால் இன்னும் நல்லது. கண்டுபிடிப்பது எளிது. ஒரு சிறிய அரத்தை எடுத்துப் போய் ஓரத்துக் கண்ணியில் தேய்த்துப் பாருங்கள். பதம் ஏற்றாத இரும்பில் அரம் கடித்துப் பொடி உதிரும். பதம் ஏற்றியதில் வழுக்கிக்கொண்டு போகும். அதேபோல ஒரு காந்தத்தையும் கொண்டு போங்கள். தொங்கு பூட்டின் வளைந்த கம்பியில் காந்தம் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் மெல்லிய உலோகமாகத்தான் இருக்கும், திரும்பக் கொடுத்துவிடுங்கள். பூட்டின் கம்பி சங்கிலிக் கண்ணிக்குள் நுழைகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு நுழையவில்லை என்று மறுபடியும் மெட்ரோ ஏறுவது வீண் அலைச்சல்.

தொங்கு பூட்டு எந்த ஊருடையது? டெல்லிக் கடைகளில் தொங்குபவற்றில் பல, இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் உள்ள அலிகாரிலிருந்து வருபவை. நமக்கோ திண்டுக்கல் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கையால் அரம் போட்டு, லீவர் லீவராகப் பொருத்திச் செய்யும் தொழில் அது. ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராமல் செய்வதில்தான் அந்தக் கைவினைஞர்களின் பெருமையே இருக்கிறது. ஊருக்குப் போய்வருபவர்கள் முறுக்கும் வடாமும் கட்டிக்கொண்டு வரும் பையில் ஒரு திண்டுக்கல் பூட்டுக்கும் இடம் கொடுக்கலாம். ஆனால் ஊர்ப்பாசத்தால் மட்டும் வாங்க வேண்டாம். அலிகார் ஆனாலும் திண்டுக்கல் ஆனாலும் கம்பியின் பருமனும் லீவர்களின் எண்ணிக்கையும் பார்த்தே வாங்க வேண்டும். ஆறு லீவருக்குக் குறைந்தது வேண்டாம்.

பராமரிப்பு ஒன்றே ஒன்று. டெல்லிப் புழுதியில் பூட்டுக்கு எண்ணெய் ஊற்றினால் அது மண்ணைப் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டிய தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்புங்கள்; போதும்.

எங்கே, எப்படி?

நல்ல பூட்டைத் தவறாக மாட்டினால் பயனில்லை. சங்கிலி பின்சக்கரத்தையும், சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயையும், அசையாத ஒரு தூணையும் சேர்த்துக் கட்ட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால் அந்தச் சக்கரம் மட்டுமே மறுநாள் உங்களுக்கு மிஞ்சும். பூட்டு தரையில் கிடக்கக் கூடாது. தரையில் வைத்து அடிப்பதும் கட்டரை ஊன்றி அழுத்துவதும் எளிது.

எங்கள் ரயில்வே ரிலே அறைக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றொன்று சிக்னல் பிரிவிடம். இருவரும் சேராமல் கதவு திறக்காது. சைக்கிளுக்கும் அதே தத்துவம்தான். பழைய வட்டப் பூட்டைக் கழற்றி எறியாதீர்கள்; அது இருக்கட்டும், கூடவே சங்கிலியும் இருக்கட்டும். இரண்டு விதப் பூட்டுக்கு இரண்டு விதக் கருவி வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

கணக்கு தலைகீழாகும் இடம்

இனி என் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்குச் செலவிடலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 14,000 ரூபாய் கியர் சைக்கிளுக்கு 1,400 ரூபாய்ப் பூட்டு. 2,500 ரூபாய்க்குப் பழையதாக வாங்கிய சைக்கிளுக்கு 250 ரூபாய்ப் பூட்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

கியர் சைக்கிள் போனால் பையன் இரண்டு நாள் அழுவான். பிறகு பள்ளிப் பஸ்ஸில் போவான். எங்கள் வீட்டில் சமைக்க வரும் அம்மா விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து டெல்லியில் குடியேறியவர். காலை ஆறு மணி முதல் பத்து மணிக்குள் நான்கு வீடுகளில் வேலை. “சைக்கிள் போனா நடந்துதான் வரணும் சார். நடந்தா ரெண்டு வீடு கைவிட்டுப் போயிடும்” என்றார் ஒருநாள். அவருடைய சைக்கிளின் விலை 2,500 ரூபாயாக இருக்கலாம். அதன் மதிப்பு இரண்டு வீட்டுச் சம்பளம். 2025 ஜூனில் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டு, நம்மவர் குடும்பங்களில் பல, வேலை செய்யும் இடத்தை விட்டு வெகுதூரம் போக நேர்ந்ததை நாம் அறிவோம். அப்படிப்பட்டவர்களுக்குப் போக்குவரத்துச் சாதனம் ஒன்றைக் காப்பது என்பது வேலையைக் காப்பதுதான். ஆகவே மலிவான சைக்கிளை வைத்திருப்பவருக்கே நல்ல பூட்டு அதிகம் தேவை. சைக்கிளின் விலைக்கு ஏற்பப் பூட்டு என்பது தவறு. அது போனால் என்னவெல்லாம் போகும் என்பதற்கு ஏற்பவே பூட்டு வேண்டும்.

இன்னொரு விலையும் இருக்கிறது. அதை நாம் கொடுப்பதில்லை, வேறு யாரோ கொடுக்கிறார்கள். நான் வசிக்கும் பகுதியில் ஒரு குடியிருப்பு, பெயர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே நின்ற ஒரு பையனின் சைக்கிள் இரவில் காணாமல் போயிற்று. வயர் பூட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. காலையில் கூடிய கூட்டத்தில் எல்லாருடைய பார்வையும் புதிதாகச் சேர்ந்த காவல்கார இளைஞன் மேல் போயிற்று. தர்பங்காவிலிருந்து வந்த பையன் அவன். “புதுசா வந்தவன், ஊர் பேர் தெரியாதவன், அவனைத் தவிர வேறு யார்?” என்று பேசினார்கள். சாட்சி இல்லை, தடயம் இல்லை. அழைப்பின் பேரில் அங்கே போயிருந்த நான், பிளையர் போதும் இதை வெட்ட, தெருவில் போகும் எவனும் செய்திருக்கலாம் என்று அந்தத் துண்டையே எடுத்துக் காட்டிச் சொன்னேன். என் பேச்சு எடுபடவில்லை. ஒரு வாரத்தில் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அடுத்த தெருவில், கட்டரும் கையுமாக வேறொருவன் பிடிபட்டான். அதற்குள் அந்தப் பையன் எங்கே போனானோ, யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

இருநூறு ரூபாய் வயர் பூட்டுக்கு அவன் கொடுத்த விலை ஒரு வேலை, ஒரு நல்ல பெயர்.

அன்பர்களே, “புதுசா வந்தவன், ஊர் பேர் தெரியாதவன்” என்ற சொல் நமக்குப் புதிதா? 1984இல் கரோல்பாக்கில் ஒற்றை அறை தேடி அலைந்தபோது, ‘மதராஸி’ என்றதுமே கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசிய வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் மூத்த உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். அன்று வெளியூர்க்காரன் என்ற பெயரில் நாம் பட்டதை இன்று பிஹாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வருபவனுக்கு நாமே கொடுக்கலாமா?

பொருள் போனால் செய்ய வேண்டியது வேறு. சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தால், பெடல் அச்சுக்குக் கீழேயோ சீட்டுக் குழாயிலோ ஓர் எண் பொறித்திருக்கும். அதை இன்றே போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். டெல்லியில் திருட்டுப் புகாரை இணைய வழியாகவே பதிவு செய்யலாம். அந்த எண்ணையும் புகாரில் சேருங்கள். பிடிபட்ட சைக்கிள் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அது பெரிதும் உதவும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையில் திருட்டுக்கு 303ஆம் பிரிவு இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறையாகத் திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்தால், சிறைக்குப் பதில் சமூக சேவையே தண்டனை என்கிறது அந்தச் சட்டம். திருடியவனுக்கே சட்டம் திருந்த ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. திருடாதவனுக்கு நம் குடியிருப்புக் கூட்டங்கள் ஒரு வாரம்கூடக் கொடுப்பதில்லை.

சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள்

ஒன்று, சங்க நிகழ்ச்சிகளுக்குக் காரில் வருவோருக்கு இடம் ஒதுக்கித் தருகிறோம். சைக்கிளில் வருபவர் கேட் ஓரமாகச் சாய்த்துவிட்டு, பாட்டுக் கச்சேரி முடியும்வரை வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு அங்குல இரும்புக் குழாயைக் கவிழ்த்த யூ போல வளைத்து, காங்கிரீட்டில் ஊன்றினால், ஒன்றில் இரண்டு சைக்கிள் பூட்டலாம். ஆறு வளைவுகள் இருந்தால் பன்னிரண்டு சைக்கிள். வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. வரைபடம் நானே போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம்.

இரண்டு, அவரவர் குடியிருப்பிலும் இதையே கேளுங்கள். கேட்கும்போது குடியிருப்பவர்களின் சைக்கிளுக்கு மட்டும் என்று எழுதாதீர்கள். வேலைக்கு வருபவர்களுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

மூன்று, தீபாவளிக்கு வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இனிப்புப் பெட்டி கொடுக்கிறோம். இரண்டு நாளில் தீர்ந்துவிடும். சைக்கிளில் வருபவராக இருந்தால், இந்த வருஷம் ஒரு மீட்டர் சங்கிலியும் நல்ல பூட்டும் சேர்த்துக் கொடுங்கள். பத்து வருஷம் உழைக்கும்.

யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்பார்கள். நம்மில் பலர் பார்க்கிறோம். அங்குசம் இல்லாத குறைக்குப் பழியை மட்டும் பாகன் தலையில் போடுகிறோம். பூட்டுவது திருடனுக்கு எதிராக மட்டும் அல்ல, நம் சந்தேகத்துக்கு எதிராகவும்தான் என்பது என் தாழ்மையான கருத்து. இரும்பு வளைவு யோசனையைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமா?